முதலில் அனுப்பியவர் யார்?

தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். வண்டி சற்றே நிதானிக்கிறது. பின்னால் இருப்பவன் ஒரு பிள்ளையை அள்ளி எடுத்துக்கொள்ள, வண்டி பறக்கிறது. மற்ற பிள்ளைகள் அலறிக்கொண்டு பின்னால் ஓடுகிறார்கள். படம் முடிந்துவிடுகிறது.

2018ஆம் ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிய காணொளி இது. எடுத்தது கராச்சியில். பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் விழிப்புணர்வுப் படம். அசலில் கதை இன்னும் சில நொடிகள் நீளும். வண்டி திரும்பி வரும், பிள்ளையைப் பத்திரமாக இறக்கிவிடுவார்கள், பிறகு ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள்: இந்த ஊர்த் தெருவில் ஒரு பிள்ளையைத் தூக்கிப்போக ஒரு கணம் போதும் என்று. அந்தக் கடைசி நொடிகளை யாரோ கத்தரித்தார்கள். கத்தரித்த துண்டு எல்லை தாண்டியது. போன இடத்திலெல்லாம் பக்கத்து ஊரில் நேற்று நடந்ததாக ஆனது.

அந்த மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் கிராமத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் ஒன்று வழியில் நின்றது. காரில் இருந்த 65 வயது அம்மா ஒருவர் அங்கே நின்ற பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் திரண்டது. அவரை அடித்தே கொன்றார்கள். ஊரெங்கும் ஏற்கெனவே வதந்தி பரவியிருந்தது.

அந்த நாட்களில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓர் ஆடியோ வந்தது. வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று ஒரு ஆண் குரல். போட்டவர் சித்தி. போன் செய்து கேட்டேன்.

“சித்தி, இதை யாரு உங்களுக்கு அனுப்புனது?”

“யாரோ அனுப்புனாங்கப்பா. எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கட்டுமேன்னு போட்டேன். தப்பா?”

தப்புதான். ஆனால் யாருடைய தப்பு? இந்தக் கேள்வியைத்தான் அதே ஆண்டு காவல்துறையும் அரசும் நீதிமன்றங்களும் கேட்கத் தொடங்கின: முதலில் அனுப்பியவர் யார்? கேட்பதற்கு இதைவிட நியாயமான கேள்வி கிடையாது. மொட்டைக் கடுதாசி வந்தால் எழுதியவரைத் தேடுவதில்லையா? ஆனால் வாட்ஸ்அப்பிடம் இதைக் கேட்டால், பதில் சொல்லும்படி அந்தச் செயலியையே மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. எதை மாற்ற வேண்டும் என்று புரிய, கொஞ்சம் கணக்கு போட வேண்டும். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான்.

அக்கா சேலத்தில் இருக்கிறார், தம்பி ஷார்ஜாவில். இருவருக்கும் இடையில் போவதையெல்லாம் ஒருவர் ஒட்டுக்கேட்கிறார். அவர் காது கேட்கவே, அவருக்கு மட்டும் தெரியாத ஒரு ரகசிய எண்ணை இவர்கள் இருவரும் உருவாக்கிக்கொள்ள வேண்டும். முடியுமா?

17, 3 என்ற இரண்டு எண்களை வெளிப்படையாகவே பேசிவைத்துக்கொள்கிறார்கள். அக்கா மனதுக்குள் 4 என்று நினைக்கிறார். நான்கு மூன்றுகளைப் பெருக்கினால் 81. அதை 17ஆல் வகுத்தால் மீதி 13. இந்த 13ஐ மட்டும் தம்பிக்கு அனுப்புகிறார். தம்பி நினைத்தது 6. ஆறு மூன்றுகளின் பெருக்கல் 729, 17ஆல் வகுத்தால் மீதி 15. அதை அக்காவுக்கு அனுப்புகிறான். இப்போது அக்கா வந்த 15ஐத் தன் ரகசியமான 4 முறை பெருக்குகிறார்: 50,625. 17ஆல் வகுத்தால் மீதி 16. தம்பி வந்த 13ஐ 6 முறை பெருக்குகிறான்: 48,26,809. மீதி அங்கேயும் 16. கைப்பேசிக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

ஒட்டுக்கேட்டவர் கையில் 17, 3, 13, 15 எல்லாம் இருக்கின்றன. 16 மட்டும் இல்லை. அதைப் பெற அவர் அக்காவின் 4ஐயோ தம்பியின் 6ஐயோ கண்டுபிடித்தாக வேண்டும். 17 போன்ற குட்டி எண்ணென்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். நிஜத்தில் 77 இலக்க எண்களை வைத்து, ஒரு வளைகோட்டின் மேலுள்ள புள்ளிகளைக் கொண்டு இதே விளையாட்டை ஆடுகிறார்கள். அங்கே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க, இன்றுள்ள எல்லாக் கணினிகளையும் சேர்த்தாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது.

1976இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் வெளியிட்ட யோசனை இது. அவர்கள்தான் முதல் என்று உலகம் இருபது ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தது. 1997இல் பிரிட்டன் ஒரு கதவைத் திறந்தது: அந்த நாட்டின் ஒட்டுக்கேட்பு நிறுவனமான ஜிசிஹெச்க்யூவில் வேலை பார்த்த ஜேம்ஸ் எல்லிஸ், கிளிஃபர்டு காக்ஸ், மால்கம் வில்லியம்சன் மூவரும் 1970களின் முதல் பாதியிலேயே இந்த வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளியே சொல்ல அனுமதி இல்லை. ஒட்டுக்கேட்பவரை ஏமாற்றும் வித்தையை முதலில் கண்டவர்கள் ஒட்டுக்கேட்பவர்களே! ‘முதலில் யார்’ என்பது எவ்வளவு வழுக்கலான கேள்வி என்பதற்கு இதுவே போதும்.

வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளுக்கும் இந்தப் பூட்டைப் போட்டது. முனையிலிருந்து முனை வரை மறையாக்கம் என்று இதைச் சொல்கிறோம். பூட்டு உங்கள் கைப்பேசியில் விழுகிறது, எதிர்முனைக் கைப்பேசியில் திறக்கிறது. நடுவில் இருக்கும் கம்பெனி சர்வர், மூட்டையைச் சுமக்கிற லாரி மட்டுமே. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சாவி ஒவ்வொரு செய்திக்கும் மாறிக்கொண்டே இருக்கும், பயன்படுத்திய சாவி அழிந்துவிடும். இன்று உங்கள் கைப்பேசியிலிருந்து சாவியைத் திருடினாலும், நேற்று வழியில் பிடித்துவைத்த மூட்டையை அதைக் கொண்டு திறக்க முடியாது.

ஃபார்வர்டு செய்தால் என்ன ஆகிறது? இங்கேதான் நம் கேள்வி மாட்டிக்கொள்கிறது. சித்திக்கு வந்த ஆடியோவை அவர் எனக்கு அனுப்பும்போது, அது புதிய சாவியால் பூட்டிய புதிய மூட்டை. வந்த மூட்டைக்கும் போகிற மூட்டைக்கும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்பது சித்தியின் கைப்பேசிக்குத் தெரியும். லாரிக்காரருக்குத் தெரியாது. ஆகவே சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போக, நடுவில் இருப்பவரிடம் பிடிமானமே இல்லை.

இந்த முடிச்சு முதலில் விரிவாக அலசப்பட்ட இடம் சென்னை உயர்நீதிமன்றம். 2018இல் இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள்: இணையத்தில் அவதூறு செய்கிறவர்களைப் பிடிக்க, சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று. ஆதார் விஷயத்தில் நீதிமன்றம் ஆர்வம் காட்டவில்லை. வழக்கு மெல்ல நகர்ந்து வாட்ஸ்அப்பில் முதல் அனுப்புநரைக் கண்டுபிடிப்பது சாத்தியமா என்ற தொழில்நுட்பக் கேள்வியாக மாறியது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி (பின்னாளில் அதன் இயக்குநர்) 2019இல் ஒரு யோசனையைத் தாக்கல் செய்தார். மறையாக்கத்தை உடைக்க வேண்டாம். ஒவ்வொரு செய்தியோடும் அதை உருவாக்கியவரின் அடையாளத்தை ஒரு சீட்டாக ஒட்டி அனுப்பலாம். அந்தச் சீட்டை வேண்டுமானால் தனியாகப் பூட்டி, சாவியை வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் கேட்டால் மட்டும் திறக்கலாம். தன் செய்தியை மற்றவர்கள் பகிரலாமா கூடாதா என்பதை எழுதுபவரே குறிக்கலாம், கூடாது என்றதை மீறிப் பகிர்பவர் அதற்குத் தானே பொறுப்பு.

நல்ல மனசோடு, சிரமப்பட்டு யோசித்த ஏற்பாடு. ஐஐடி பம்பாயின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதற்கு மறுப்பு எழுதினார். அதன் சாரம்: சீட்டை ஒட்டுவது அனுப்புகிறவரின் கைப்பேசியிலுள்ள செயலி. செயலியைத் திருத்தத் தெரிந்தவன் சீட்டில் வேறொருவர் பெயரை ஒட்டி அனுப்புவான். திட்டம் போட்டுக் குற்றம் செய்பவன் வேறு செயலிக்கோ வெளிநாட்டு எண்ணுக்கோ போய்விடுவான். கடைசியில், சீட்டில் ஒழுங்காகத் தன் பெயரோடு அகப்படுகிறவர் யார்? எங்கள் சித்தி.

ஐஐடிக்கு ஐஐடி மோதிய அந்த வாதத்துக்குத் தீர்ப்பு சென்னையில் வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. அதற்குள் மத்திய அரசே சட்டம் போட்டுவிட்டது. 2021 பிப்ரவரி 25 அன்று அறிவித்த தகவல் தொழில்நுட்ப விதிகளில், 50 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் செய்திச் செயலிகள் கேட்டபோது முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும் என்றது. எல்லாக் குற்றத்துக்கும் அல்ல. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பாலியல் வன்கொடுமை, பிள்ளைகளைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கும் படங்கள் என்று கடும் குற்றங்களுக்கு. செய்தியின் உள்ளடக்கத்தைத் தர வேண்டியதில்லை, ஆள் யார் என்று சொன்னால் போதும். முதல் ஆள் வெளிநாட்டில் இருந்தால்? இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரே முதல் அனுப்புநராகக் கருதப்படுவார்.

கராச்சிப் படத்தை இந்த விதியின் கீழ் வைத்துப் பாருங்கள். எடுத்தவர் நல்ல காரியம் செய்தவர். கத்தரித்தவர் எந்த நாட்டில் இருந்தார் என்பதே தெரியாது. இந்தியாவில் முதலில் பகிர்ந்தவர் நல்ல எண்ணத்தோடு எச்சரித்த ஒரு தாயாகவும் இருக்கலாம். பெங்களூரில் நடந்தது என்று பொய் சேர்த்தவர் இருபதாவது ஆளாக இருக்கலாம். விஷம் சேர்ந்த இடம் சங்கிலியின் நடுவில். விதி தேடுவதோ நுனியை.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு அரசுத் தரப்பு அப்போது சொன்ன வழிகளில் ஒன்று ஹாஷ். ஒரு செய்தியை ஒரு கணக்கு இயந்திரத்தில் போட்டால் குறிப்பிட்ட நீளத்துக்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி வரும். அதுதான் ஹாஷ். செய்தியின் கைரேகை மாதிரி. கைரேகையைக் கொண்டு ஆளை வரைய முடியாது, ஆனால் இரண்டு ரேகை ஒன்றா என்று ஒப்பிடலாம். ஒவ்வொரு செய்தியின் ஹாஷையும் அனுப்பியவர் பெயரோடு சேர்த்து வைத்துவிட்டால், குற்றச் செய்தி கிடைத்ததும் அதன் ஹாஷை எடுத்துப் பட்டியலில் தேடலாம். செய்தியைப் படிக்கவில்லை, ஆளையும் பிடித்தாயிற்று!

கேட்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்தால் ஹாஷ் முழுசாக மாறிவிடும், படத்தின் ஓரத்தில் துளி வெட்டினாலும் மாறிவிடும் என்பது ஊரறிந்த ஓட்டை. அதைவிடப் பெரிய சங்கடம் எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஒரே வாக்கியத்துக்கு யார் போட்டாலும் ஒரே ஹாஷ்தான். அப்படியானால் அந்தப் பட்டியல் கையில் இருக்கிறவர் எந்த வாக்கியத்தையும் தானே எழுதி, அதன் ஹாஷைப் போட்டு, “இதைச் சொன்னவர்கள் யார் யார்?” என்று கேட்கலாம். ‘நாளை வேலைநிறுத்தம்’, ‘மாத்திரை வாங்கிட்டேன்’, ‘அமைச்சர் பேசியது பொய்’. படிக்காமலே படித்த மாதிரி.

இதைவிட அடிப்படையான ஒன்று, வாதங்களின் இரைச்சலில் காணாமல் போவது. பழைய முறையில் ஒருவர் மேல் சந்தேகம் வந்த பிறகு அவர் போனை ஒட்டுக்கேட்பார்கள். சந்தேகம் முன்னால், கண்காணிப்பு பின்னால். முதல் அனுப்புநர் விஷயத்தில் அது தலைகீழ். நாளை எந்தச் செய்தி குற்றமாகும் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆகவே இன்றே எல்லாருடைய எல்லாச் செய்திக்கும் சீட்டு ஒட்டியாக வேண்டும். இந்தியாவில் வாட்ஸ்அப் வைத்திருப்பவர்கள் 40 கோடிக்கும் மேல். ஒரு ஆளைப் பிடிக்க ஒரு சீட்டு போதும், ஆனால் அந்த ஒரு சீட்டு கிடைக்க 40 கோடிப் பேரின் காலை வணக்கத்துக்கும் சீட்டு எழுதிவைக்க வேண்டும். தனியுரிமையா பாதுகாப்பா என்று தராசுத் தட்டு படம் போட்டு விவாதிக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எடை போடும் பேச்சுக்கு முன்பே, தராசில் நாம் எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று.

அந்தச் சீட்டுகளை யாரும் தவறாகத் தொடமாட்டார்கள் என்று சொல்லலாம். ஏதென்ஸில் நடந்ததைப் பார்ப்போம்.

2004, ஒலிம்பிக் நடந்த ஆண்டு. கிரேக்க நாட்டு வோடஃபோன் பயன்படுத்திய எரிக்சன் நிறுவன ஸ்விட்சுகளில், போலீஸ் உத்தரவோடு வந்தால் ஒட்டுக்கேட்க உதவும் வசதி மென்பொருளிலேயே பதிந்திருந்தது. அதை இயக்கும் பகுதியை அந்த வோடஃபோன் காசு கொடுத்து வாங்கவே இல்லை. பூட்டிய அறை, சாவி போடாத கதவு. யாரோ உள்ளே நுழைந்து, தம் நிரலை நினைவகத்தில் ஒளித்துவைத்து, அந்த வசதியை எழுப்பிவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. பிரதமர் கோஸ்டாஸ் கரமான்லிஸ், அவர் மனைவி, மந்திரிகள், ராணுவ அதிகாரிகள். அவர்களுக்கு அழைப்பு வரும்போதெல்லாம் அதன் நகல் ஒன்று முன்பணம் கட்டிய பெயர் தெரியாத சில செல்போன்களுக்குப் போனது. ஒளித்துவைத்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஸ்விட்சில் ஓடுபவை எவையெனப் பட்டியல் கேட்டால் தங்கள் பெயர் வராதபடி செய்திருந்தார்கள்.

மாட்டியது எஸ்எம்எஸ்ஸால். ஒளித்துவைத்தவர்கள் தங்கள் நிரலைப் புதுப்பிக்கப் போனதில் ஏதோ தடுமாறி, சிலருடைய எஸ்எம்எஸ் போய்ச் சேரவில்லை. ஏன் என்று தோண்டிய எரிக்சன் ஆட்கள் தாங்கள் எழுதாத நிரல் ஒன்றைக் கண்டார்கள். 2005 மார்ச்சில் விஷயம் வோடஃபோனுக்குப் போனது. அவர்கள் உடனே அந்த நிரலை அழித்துவிட்டார்கள். ஒளிந்திருந்தவர்களைப் பின்தொடர இருந்த ஒரே நூலும் அதோடு அறுந்தது. மறுநாள் காலை, அந்த நிறுவனத்தின் வலையமைப்புத் திட்டப் பொறியாளர் ஒருவர் தன் வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். செய்தி வெளியே வரவே 2006 பிப்ரவரி ஆயிற்று.

இருபது ஆண்டு கழித்து அமெரிக்காவில் அதே பாடம் பெரிய எழுத்தில். தொலைபேசி நிறுவனங்கள் போலீஸுக்கு வசதி செய்து தர வேண்டும் என்று 1994இல் அங்கே சட்டம் போட்டார்கள். 2024இல், சீன அரசோடு தொடர்புள்ளதாக அமெரிக்கா சொல்லும் ‘சால்ட் டைஃபூன்’ கும்பல் பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்து, அந்த வசதி இருந்த இடம் வரை போனது அம்பலமானது. மறையாக்கம் வந்ததால் எங்கள் கண்ணைக் கட்டிவிட்டார்கள் என்று ஆண்டுக்கணக்கில் முறையிட்டது அமெரிக்க அரசின் புலனாய்வுத் துறை. அதே அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு அந்த டிசம்பரில் உயர் அதிகாரிகளுக்கு ஒரு அறிவுரை தந்தது: முனைக்கு முனை மறையாக்கம் உள்ள செயலியில் மட்டும் பேசுங்கள்.

போலீஸ் தரப்பைக் கேலி செய்வது சுலபம், நியாயமல்ல. ஒரு பிள்ளையின் படம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, விசாரணை அதிகாரி ஒருவர் பூட்டிய கதவுக்கு முன் நிற்கும் ஆற்றாமை நிஜம். ஆனால் அவர் கையில் ஒன்றுமே இல்லை என்பது நிஜமில்லை. பூட்டு செய்தியின் உள்ளே இருப்பதற்குத்தான். உறைக்கு மேலே எழுதியிருப்பது எல்லாம் வெளிச்சத்தில் கிடக்கிறது: யார் யாரோடு, எத்தனை மணிக்கு, எங்கிருந்து. காவல் நிலையங்களில் ‘சி.டி.ஆர். எடுத்தாச்சா’, அதாவது அழைப்பு விவரப் பட்டியல் வாங்கியாயிற்றா, என்று கேட்பது அன்றாடப் பேச்சு. கைப்பேசியையே கைப்பற்றினால் உள்ளே இருப்பதும் கிடைக்கும். கூகுள் டிரைவில் போய் உட்காரும் சாட் நகல்களுக்கு 2021 வரை இந்தப் பூட்டு கிடையாது. இன்றும் நாமாக அமைப்புகளுக்குள் போய் இயக்கினால்தான் உண்டு. நீங்கள் இயக்கியிருக்கிறீர்களா?

உறையின் மேல் எழுத்து எவ்வளவு பேசும் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2016இல் காட்டினார்கள். 823 பேர் தாமாக முன்வந்து தங்கள் அழைப்பு, எஸ்எம்எஸ் விவரங்களைத் தந்தார்கள். பேசியது என்ன என்பது இல்லை, எந்த எண்ணுக்கு எப்போது எவ்வளவு நேரம் என்பது மட்டும். ஒருவர் இதய நோய் மருத்துவப் பிரிவோடு நீண்ட நேரம் பேசியிருந்தார், பரிசோதனைக் கூடத்தோடும் மருந்துக் கடையோடும் பேசியிருந்தார், இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் கருவிக்கான தொலைபேசி எண்ணுக்கும் அழைத்திருந்தார். நோயை ஆராய்ச்சியாளர்கள் ஊகித்தார்கள். ஊகம் சரி. மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்கிற நண்பர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. அந்த மனிதர் மறைத்தது குற்றமில்லை, இதய நோய்.

சரி, இதையெல்லாம் கேட்டு வாங்க நம் நாட்டில் யார் அனுமதி தருகிறார்கள்? போன் ஒட்டுக்கேட்புக்கு நெடுங்காலம் சட்டமாக இருந்தது 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம். ஒட்டுக்கேட்பு உத்தரவை உள்துறைச் செயலாளர் தர வேண்டும், அதை ஒரு குழு பிறகு சரிபார்க்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவு இணையத்துக்கும் ஏறக்குறைய அதே ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இந்தச் சங்கிலியில் நீதிபதி எங்கும் இல்லை. உத்தரவு போடுபவர் அதிகாரி, சரிபார்க்கும் குழுவும் அதிகாரிகள்.

சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுகிறது என்று 2013இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் வந்தது. குழு கூட வேண்டியது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அப்படியானால் ஒரு கூட்டத்தில் மேசை மேல் 15,000க்குக் குறையாத கோப்புகள். ஒன்றுக்கு ஒரே ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், சாப்பிடாமல் தூங்காமல் பத்து நாளுக்கு மேல் ஆகும். காவல்துறை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. படிக்க ஆளில்லாத கோப்பில் நல்ல உத்தரவும் கெட்ட உத்தரவும் ஒரே மாதிரிதான் கையெழுத்தாகும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். முதல் இரண்டையும் முதல் அனுப்புநர் விதி தாண்டிவிடலாம். மூன்றாவதில்தான் அந்த 40 கோடிச் சீட்டு வந்து நிற்கிறது. 2021 மே மாதம் வாட்ஸ்அப் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாங்கள் போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் நீதிபதிகளிடமே சொன்னார். வாட்ஸ்அப்பைத் தனியுரிமையின் காவல் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. உறையின் மேல் எழுத்தை வைத்து வியாபாரம் செய்யும் குடும்பத்துக்குத் தத்துப்போன பிள்ளை அது.

ஆனால் அந்த நிறுவனம் செய்த ஒரு சின்ன வேலையை, இந்தப் பெரிய சண்டையில் இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை. 2018 ஜூலையில், வதந்திக் கொலைகளுக்குப் பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றினார்கள். அடுத்து, ஃபார்வர்டு ஆகும் செய்திக்குள் ஒரு எண்ணியை வைத்தார்கள். ஒவ்வொரு கை மாறும்போதும் அது ஒன்று கூடும். அந்த எண்ணும் பூட்டிய மூட்டைக்குள்ளேயே பயணம் செய்கிறது. கைப்பேசிக்குத்தான் தெரியும், சர்வருக்குத் தெரியாது. ஐந்து கை தாண்டிவிட்டால் மேலே இரட்டை அம்பு விழும். 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும். இரட்டை அம்புச் செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்தது என்று சில வாரங்களில் அந்த நிறுவனம் சொன்னது. சொன்னது அவர்கள்தான், சோதித்துப் பார்க்க வெளியாளுக்கு வழி இல்லை. ஆனாலும் தர்க்கம் பிடிபடுகிறது. அந்த எண்ணி, கடந்து வந்த கைகளின் கணக்கை மட்டும் எடுக்கிறது. யார் கை என்று கேட்கவில்லை.

போன மாதம் சித்தி ஒரு காணொளி அனுப்பினார். ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு தண்ணீர்த் தொட்டியில் எதையோ கலக்கிறார்கள். மேலே இரட்டை அம்பு. போன் செய்தேன்.

“சித்தி, இதையும் குரூப்ல போட்டுட்டீங்களா?”

“இல்லப்பா, ரெண்டு அம்பு போட்டிருக்குல்ல? அதான் உனக்கு மட்டும் அனுப்புனேன். நெசமா பொய்யான்னு பார்த்துச் சொல்லு.”